பம்பாலிக்கு ஒரு மருத்துவமனை: சாடியோ மானே கதையில் ஃபார்வர்டில் வராத பக்கம்

கடந்த ஜனவரி 18 அன்று மொராக்கோவின் ரபாத் நகரில் ஆப்பிரிக்கக் கோப்பையின் இறுதி ஆட்டம் நடந்தது. மொராக்கோவும் செனகலும் கோல் எதுவும் இல்லாமல் கடைசி நிமிடங்கள் வரை வந்துவிட்டன. கூடுதலாகத் தரப்பட்ட நிமிடங்களில் செனகல் அடித்த கோல் செல்லாது என்று நடுவர் அறிவித்தார். சற்று நேரத்தில் மொராக்கோவுக்கு பெனால்டியும் கொடுத்தார். செனகல் பயிற்சியாளர் பாப் தியாவ் கொதித்துப்போய்த் தம் ஆட்டக்காரர்களை மைதானத்தை விட்டு வெளியே வரச் சொன்னார். பெரும்பாலோர் போய்விட்டார்கள். சாடியோ மானே போகவில்லை. பிறகு உள்ளே சென்று, சக வீரர்களிடம் பேசி, அவர்களைத் திரும்ப மைதானத்துக்குக் கூட்டி வந்தார். கால் மணி நேரம் போல நின்ற ஆட்டம் மீண்டும் தொடங்கியது. மொராக்கோவின் பிராஹிம் தியாஸ் பெனால்டியை மெதுவாகத் தூக்கி அடிக்க, அது கோல்கீப்பர் மெண்டியின் கையிலேயே போய் விழுந்தது. கூடுதல் நேரத்தில் பாப் கேயே அடித்த கோலால் செனகல் முன்னிலை பெற்றது.

அந்த ஆட்டத்தைப் பற்றிய சர்ச்சைகளுக்குள் நாம் போகவில்லை. அது விளையாட்டு நிர்வாகிகளின் வேலை. நமக்கு அக்கறை உள்ளது, அன்றிரவு முதல் நம் குடும்பக் குழுக்களில் வந்து குவிந்த செய்திகளில்தான். பள்ளிவாசல் கழிப்பறையைக் கழுவும் மானே. பத்து கார் எனக்கு எதற்கு என்று கேட்கும் மானே. உடைந்த கைப்பேசியோடு நடக்கும் மானே. மக்தபில் ஓத வரும் பிள்ளைகளிடம் அவரைப் பற்றிக் கேட்டால் இந்த மூன்றையும் வரிசையாகச் சொல்கிறார்கள். எந்த நாட்டுக்காரர் என்று கேட்டால் 'ஆப்பிரிக்கா' என்கிறார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெரியவர்கள் அனுப்பும் செய்தியிலும் அவ்வளவுதான் இருக்கிறது.

மானே நல்ல மனிதர் என்பதில் நமக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு ஊரே ஒரு கால்பந்து வீரரின் சம்பளத்தை நம்பி மருத்துவமனைக்குக் காத்திருந்தது என்ற செய்தி அந்தப் பாராட்டுகளுக்குள்ளேயே புதைந்து கிடக்கிறது. அதைத் தோண்டி எடுக்காமல் மானேயைப் புகழ்வது பாதி வேலைதான்.

1992 ஏப்ரல் 10 அன்று பம்பாலியில் பிறந்தவர் அவர். செனகலின் தெற்கே, காஸமான்ஸ் ஆற்றங்கரைப் பகுதியில், செதியூ வட்டாரத்தில் இருக்கிறது அந்த ஊர். செனகலின் வரைபடத்தை ஒரு முறை பார்த்தால் காஸமான்ஸின் கஷ்டம் புரிந்துவிடும். நாட்டின் நடு வயிற்றில் கத்தி செருகியதுபோல் காம்பியா என்ற இன்னொரு நாடு நீண்டு கிடக்கிறது. வடக்கே தலைநகர் டக்கார், தெற்கே காஸமான்ஸ். சொந்த நாட்டின் தலைநகருக்குப் போக அந்நிய நாட்டைக் கடக்க வேண்டும், அல்லது கிழக்கே நெடுந்தூரம் சுற்றிப் போக வேண்டும், அல்லது கடல் வழியே கப்பலில் போக வேண்டும். காம்பியா ஆற்றின் மேல் ஒரு பாலம் வந்ததே 2019-ல்தான். போதாக்குறைக்கு 1982 முதல் அந்தப் பகுதியில் பிரிவினைக் கிளர்ச்சி வேறு. சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் கடைசியாகப் போய்ச் சேரும் இடம் எது என்று சொல்லத் தேவையில்லை.

2002 செனகலுக்கு மறக்க முடியாத ஆண்டு. மே 31 அன்று உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில், நடப்பு சாம்பியனான பிரான்ஸை செனகல் 1-0 என்று வீழ்த்தியது. 1960 வரை தங்களை ஆண்ட நாட்டைத் தோற்கடித்த நாள் அது. பத்து வயதுப் பையனாக இருந்த மானேவுக்குக் கால்பந்துப் பைத்தியம் முற்றியது அப்போதுதான். அதே ஆண்டு செப்டம்பர் 26 அன்று, காஸமான்ஸின் சிகின்ஷோரிலிருந்து டக்காருக்குப் புறப்பட்ட 'ஜூலா' என்ற அரசுக் கப்பல் காம்பியா கடற்பரப்பில் கவிழ்ந்தது. ஏற்றக்கூடிய அளவைப் போல மூன்று மடங்கு ஆட்களை ஏற்றியிருந்தார்கள். 1,800-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பிரான்ஸை வென்ற அணியின் கேப்டன் அலியூ சிஸ்ஸேயும் அந்தக் கப்பலில் தம் உறவினர்களைப் பறிகொடுத்தார். அவரும் காஸமான்ஸ்காரர். நாடு கொண்டாடிய கேப்டனின் வீட்டாரும் அந்தக் கப்பலை நம்பித்தான் தலைநகருக்குப் போக வேண்டியிருந்தது.

மானேயின் குடும்பம் இமாம்களின் குடும்பம். அவருக்கு ஏழு வயது இருக்கும்போது வாப்பா நோயில் விழுந்தார். ஊரில் மருத்துவமனை இல்லை. நாட்டு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள், கொஞ்ச காலம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. வேறோர் ஊருக்குக் கொண்டுபோய், அங்கேயே அவர் மௌத்தானார். தம் சகோதரி வீட்டிலேயே பிறந்ததும் அதே காரணத்தால்தான் என்று மானே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பிற்காலத்தில் அவர் ஊருக்கு மருத்துவமனை கட்டியதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

தாய்க்குக் கால்பந்து பிடிக்கவில்லை. இமாம் வீட்டுப் பையன் பந்து உதைத்துத் திரிவதா என்ற எண்ணம். படித்து ஆசிரியராகட்டும் என்றார்கள் பெரியவர்கள். இந்த இடத்தில் நம் தாய்மார்கள் பலருக்குச் சிரிப்பு வரலாம். பதினைந்து வயதளவில் மானே ஒரு நாள் விடியும் முன்பே, யாரிடமும் சொல்லாமல் டக்காருக்குக் கிளம்பிவிட்டார். ஒரே ஒரு நண்பனுக்குத்தான் தெரியும். வீட்டார் அந்த நண்பனை விடாமல் கேட்டு உண்மையை வாங்கி, மானேயை ஊருக்குத் திரும்ப அழைத்து வந்தார்கள். பிறகு ஓர் உடன்பாடு ஏற்பட்டது. அந்த ஆண்டுப் படிப்பை முடிக்க வேண்டும், அதன்பின் டக்காருக்குப் போகலாம். அவரது மாமா ஒருவர் துணை நின்றார்.

வீட்டை விட்டு ஓடிய பையன் வெற்றி பெற்றான் என்று முடித்துவிட்டால் கதை சுவையாக இருக்கும். ஆனால் மானேயை முதல் பயணம் எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. குடும்பத்தின் சம்மதத்தோடு போன இரண்டாவது பயணம்தான் அவரைக் கரை சேர்த்தது. தங்க ஒரு வீடு, சொல்லி அனுப்ப ஒரு மாமா, கேட்டால் பதில் சொல்ல ஒரு தாய் என்று பின்னால் ஆள் இருந்தது. வீட்டில் உள்ள விடலைப் பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்லும் பெற்றோர் அந்த இரண்டாவது பயணத்தை விட்டுவிட வேண்டாம்.

டக்காரில் தேர்வு நடந்த இடத்தில், வயதான ஒருவர் இவருடைய கிழிந்த ஷூவையும் பழைய கால்சட்டையையும் பார்த்து, 'இதைப் போட்டுக்கொண்டா ஆட வந்தாய்' என்கிற மாதிரிக் கேட்டாராம். ஆடத் தொடங்கியதும் அவரே முதல் ஆளாக இவரைத் தேர்ந்தெடுத்தார் என்று மானே சொல்கிறார். அப்படித்தான் 'ஜெனராசியோன் ஃபூட்' என்ற பயிற்சிக் கூடத்துக்குள் அவர் வந்தார். 2000-ல் மாடி தூரே என்பவர் தொடங்கிய கூடம் அது. 2003 முதல் பிரான்ஸின் மெட்ஸ் கிளப்போடு அதற்கு ஒப்பந்தம் உண்டு. டக்காரில் பயிற்சி பெறும் பிள்ளைகளில் மேலானவர்கள் மெட்ஸுக்குப் போவார்கள், பதிலுக்கு மெட்ஸ் பணமும் உதவியும் தரும்.

இனி வருவது கணக்கு. நம் சமுதாயத்தில் வியாபாரிகள் நிறைய, அதனால் இது எளிதில் புரியும்.

மானே மெட்ஸுக்காக முதலில் களமிறங்கியது 2012 ஜனவரியில். அந்த ஆண்டே மெட்ஸ் மூன்றாம் நிலைக்குத் தள்ளப்பட்டது. கோடையில் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் கிளப் அவரை வாங்கியது. செய்திகளில் வந்த தொகை 40 லட்சம் யூரோ. 2014-ல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனுக்குப் போனார், 1.18 கோடி பவுண்ட். 2016-ல் லிவர்பூலுக்குப் போனார், 3.4 கோடி பவுண்ட். அன்றைக்கு ஓர் ஆப்பிரிக்க வீரருக்குத் தரப்பட்ட மிக அதிக விலை அதுதான். நான்கே ஆண்டுகளில் மூன்று கை மாறி, ஒவ்வொரு கைக்கும் லாபம் கொடுத்தார். சவுத்தாம்ப்டன் இரண்டு பருவம் ஆட வைத்துக்கொண்டு, வாங்கிய விலையைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு பெற்றது. வாங்கியவர்கள், விற்றவர்கள் எல்லோரும் ஐரோப்பாவில்தான் இருந்தார்கள்.

பயிற்சி கொடுத்தவர்களுக்கு எதுவும் கிடையாதா என்றால், உண்டு. 2001 முதல் ஃபிஃபாவில் ஒரு விதி இருக்கிறது. ஒரு வீரர் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கோ, வெளிநாட்டில் பயிற்சி பெற்ற வீரர் ஒரே நாட்டுக்குள்ளோ விற்கப்பட்டால், அந்தத் தொகையில் 5 சதவீதம் அவரை 12 வயது முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரிக்கப்பட வேண்டும். 12 முதல் 15 வரையான வயதுக்கு, ஆண்டு ஒன்றுக்கு அந்த 5 சதவீதத்தில் இருபதில் ஒரு பங்கு. அதற்கு மேல் 23 வரை ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு. 3.4 கோடி பவுண்டில் 5 சதவீதம் 17 லட்சம். பதினேழு வயதுப் பையனை ஓர் ஆண்டு வைத்துச் சோறு போட்டு, ஷூ வாங்கிக் கொடுத்து, படிக்கவும் வைத்த கூடத்துக்கு அந்த அளவு விற்பனையில் விதிப்படி வருவது 1.7 லட்சம் பவுண்ட். நூறு பவுண்டுக்கு அரை பவுண்ட்.

அதையும் கேட்டு வாங்கக் காகிதம் வேண்டும். எந்த ஆண்டு எந்தக் கிளப்பில் பையன் பதிவாகி இருந்தான் என்று நிரூபிக்க வேண்டும். பம்பாலியின் மண் தெருவில் பந்து உதைத்த வயதுகளுக்குப் பதிவு ஏது? அந்த ஆண்டுகளின் பங்கைக் கேட்க ஆளே இல்லை. இந்தக் குளறுபடிகளைச் சரிசெய்ய 2022-ல் ஃபிஃபா பாரிஸில் ஒரு தீர்வகம் திறந்தது. வீரரின் பதிவுகளைத் தொகுத்துப் பங்கை நேரடியாக அனுப்பும் ஏற்பாடு அது. நல்ல விஷயம்தான். ஆனால் பதிவே இல்லாத குழந்தைப் பருவத்துக்குத் தீர்வகமும் என்ன செய்யும்?

ஜெனராசியோன் ஃபூட்டைக் குற்றம் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. பாப்பிஸ் சிஸ்ஸே, மானே, இஸ்மாயிலா சார், பாப் மத்தார் சார், லமின் கமாரா எல்லோரும் அங்கிருந்து மெட்ஸ் வழியே போனவர்கள். அரசு செய்யாத வேலையை அந்தக் கூடம் செய்திருக்கிறது. ஆனாலும் இந்த ஏற்பாட்டின் வடிவத்தைப் பாருங்கள். கச்சாப் பொருள் ஆப்பிரிக்காவில் விளைகிறது, பதப்படுத்தி விலை ஏற்றுவது ஐரோப்பாவில் நடக்கிறது. செனகல் ஒரு காலத்தில் நிலக்கடலையை பிரான்ஸுக்கு ஏற்றுமதி செய்ததும் இதே வடிவத்தில்தான். எண்ணெய் ஆட்டியவர் சம்பாதித்த அளவுக்கு விதைத்தவர் சம்பாதிக்கவில்லை.

மானே பதினெட்டு வயதைத் தாண்டிய பிறகு, ஒழுங்கான ஒப்பந்தத்தோடு, தெரிந்த கிளப்புக்குப் போனார். எல்லாப் பையன்களுக்கும் இது வாய்ப்பதில்லை. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களைச் சில விதிவிலக்குகள் தவிர நாடு விட்டு நாடு மாற்றக் கூடாது என்று ஃபிஃபா விதி சொல்கிறது. அதன் நிழலில் போலி ஏஜெண்டுகள் பிழைக்கிறார்கள். மகனுக்கு ஐரோப்பிய கிளப்பில் தேர்வு ஏற்பாடு செய்திருக்கிறேன் என்பார்கள். குடும்பம் நிலத்தை விற்று, நகையை அடகு வைத்துப் பணம் கட்டும். பையன் ஏதோ ஒரு நகரத்தில் இறங்குவான், தேர்வும் இருக்காது, ஏஜெண்டும் இருக்கமாட்டார். இப்படிக் கைவிடப்பட்ட பிள்ளைகளுக்காகவே, கேமரூனின் முன்னாள் வீரர் ஜான் குளோத் ம்பூமின் பாரிஸில் 2000-ல் 'ஃபூட் சாலிடேர்' என்ற அமைப்பைத் தொடங்கினார். விசா என்றும் வேலை என்றும் சொல்லி வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய ஏஜெண்டுகளிடம் ஏமாந்த வீடுகள் நம் தெருக்களிலும் உண்டு. எனவே இந்தத் தந்திரத்தை நமக்கு விளக்க வேண்டியதில்லை.

ஏஜெண்டுக்குக் கொடுக்கவும் பணம் இல்லாதவர்கள் மரப் படகில் ஏறுகிறார்கள். செனகல், மொரிட்டானியா கரைகளிலிருந்து அட்லாண்டிக் பெருங்கடலில் ஸ்பெயினின் கேனரி தீவுகளை நோக்கிப் போகும் வழி அது. 2024-ல் மட்டும் 46,000-க்கும் மேற்பட்டோர் அந்தத் தீவுகளில் கரையேறினார்கள். கரையேறாதவர்களின் கணக்கு அல்லாஹ் ஒருவனுக்கே தெரியும். மானேயின் படம் போட்ட சட்டையோடு படகில் ஏறிய பையன்களும் அவர்களில் இருந்திருப்பார்கள் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

இங்கிலாந்தில் அவர் ஆடிய ஆட்டத்தைப் பற்றி விரிவாக எழுதத் தேவையில்லை, பிள்ளைகளுக்கே மனப்பாடம். 2015 மே 16 அன்று ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக 2 நிமிடம் 56 வினாடிகளில் மூன்று கோல். 2018-19 பருவத்தில் 22 கோல் அடித்து, முஹம்மது ஸலாஹ், ஒபமெயாங் இருவரோடும் தங்கக் காலணியைப் பகிர்ந்துகொண்டார். 2019-ல் சாம்பியன்ஸ் லீக், 2020-ல் லிவர்பூலுக்கு முப்பது ஆண்டுகளுக்குப் பின் லீக் பட்டம். லிவர்பூலுக்காக 269 ஆட்டங்களில் 120 கோல்.

ஃபார்வர்டில் வராத வேறு சில விஷயங்களையும் சொல்லிவிட வேண்டும். 2014-ல் சால்ஸ்பர்க்கை விட்டுப் போக வேண்டும் என்ற பிடிவாதத்தில், மால்மோவுக்கு எதிரான முக்கியமான சாம்பியன்ஸ் லீக் தகுதி ஆட்டத்துக்கே அவர் வரவில்லை. சால்ஸ்பர்க் 3-0 என்று தோற்று வெளியேறியது. சவுத்தாம்ப்டனில் கூட்டத்துக்குத் தாமதமாக வந்ததால் பயிற்சியாளர் கூமன் அவரை வெளியே உட்கார வைத்தார். 2023 ஏப்ரலில் பேயர்ன் மியூனிக், மான்செஸ்டர் சிட்டியிடம் தோற்ற இரவில் சக வீரர் லெராய் சானேயோடு உடைமாற்றும் அறையில் கைகலப்பு. கிளப் அபராதம் விதித்து, ஓர் ஆட்டத்துக்கு அவரை நீக்கி வைத்தது. இவற்றைச் சொல்வது புறம் பேசுவதற்கில்லை, எல்லாம் வெளிப்படையாக நடந்தவை. பிள்ளைகளுக்கு முன்மாதிரியாக ஒரு மனிதரைக் காட்டும்போது மனிதராகவே காட்டுவோம். வலியுல்லாஹ்வாக ஆக்கிவைத்தால், அவர் சறுக்கும் நாளில் பிள்ளையும் சேர்ந்து சறுக்கும்.

பெனால்டி விஷயத்தில் அவரிடம் கற்க நிறைய இருக்கிறது. 2017 ஆப்பிரிக்கக் கோப்பைக் காலிறுதியில் கேமரூனுக்கு எதிராக அவர் பெனால்டியைத் தவறவிட்டு செனகல் வெளியேறியது. மைதானத்திலேயே அழுதார். 2022 பிப்ரவரி 6 அன்று யவுண்டேயில் எகிப்தோடு இறுதி ஆட்டம். ஏழாவது நிமிடத்திலேயே பெனால்டி கிடைத்தது, அதையும் தவறவிட்டார். ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்து பெனால்டிகளுக்குப் போனபோது, கடைசியாக அடிக்க வந்தவரும் அவரே. அடித்தார். செனகலின் முதல் ஆப்பிரிக்கக் கோப்பை அது. அன்று பயிற்சியாளராக ஓரத்தில் நின்றவர் அதே அலியூ சிஸ்ஸே. 2002 இறுதி ஆட்டத்தில் கேமரூனுக்கு எதிராகக் கடைசி பெனால்டியைத் தவறவிட்டவர் அவர்தான். இருபது ஆண்டு சுமையை இறக்கி வைக்க ஒரு காஸமான்ஸ்காரருக்கு இன்னொரு காஸமான்ஸ்காரர் உதவினார்.

மார்க்கத்தை அவர் ஐரோப்பாவில் கடைப்பிடித்த விதத்தில் அலட்டல் இல்லை. லிவர்பூல் பள்ளிவாசலில் தண்ணீர் எடுத்து இடத்தைக் கழுவும் வீடியோ 2018-ல் பரவியது, அவர் அதை வைத்து எதுவும் பேசவில்லை. 2022-ல் பேயர்னின் பீர் விளம்பரதாரருக்காக அணி முழுவதும் கோப்பையோடு நின்று படம் எடுத்தபோது, மானேயும் மொராக்கோவின் நுஸைர் மஸ்ராவியும் வெறுங்கையோடு நின்றார்கள். சண்டையும் இல்லை, அறிக்கையும் இல்லை. எல்லோருக்கும் இது இவ்வளவு எளிதாக அமைவதில்லை. அதே டக்கார் கூடத்தில் வளர்ந்த பாப்பிஸ் சிஸ்ஸே, 2013-ல் நியூகாசில் அணிச் சட்டையில் வட்டிக்குக் கடன் கொடுக்கும் நிறுவனத்தின் பெயர் வந்தபோது அணிய மறுத்தார். பல வாரம் இழுபறி. கடைசியில் அணிந்து ஆடினார். அவரைக் கேலி செய்தவர்களும் உண்டு. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட ஒரு தொழிலாளி முதலாளியோடு எவ்வளவு தூரம் மல்லுக்கட்ட முடியும் என்று வட்டிக் கடனில் வீடு வாங்கிய நாம் நிதானமாக யோசித்துவிட்டுப் பேசுவது நல்லது.

பேயர்னில் அவருக்கு எதுவும் கூடி வரவில்லை. 2022 நவம்பரில் காலில் அடிபட்டு, கத்தாரில் நடந்த உலகக் கோப்பையைத் தவறவிட்டார். ஒரே பருவத்தில் பேயர்ன் அவரை விட்டுவிட்டது. 2023 ஆகஸ்டில் சவூதியின் அல் நஸ்ருக்குப் போனார். அதே கோடையில்தான் சவூதி அரசின் முதலீட்டு நிதியம் அல் நஸ்ர் உள்ளிட்ட நான்கு கிளப்புகளில் பெரும்பங்கை எடுத்திருந்தது. பணத்துக்காகப் போனார் என்று ஐரோப்பியப் பத்திரிகைகள் எழுதின. பணத்துக்காகத்தான். சால்ஸ்பர்க்கிலிருந்து சவுத்தாம்ப்டனுக்கும், அங்கிருந்து லிவர்பூலுக்கும் போனபோது அதே பத்திரிகைகள் 'வளர்ச்சி' என்று எழுதியிருந்தன. அந்த ஆண்டிலேயே பிரான்ஸில் நான்காம் நிலையில் ஆடிய பூர்ஜ் நகரக் கிளப்பில் மானே பங்கு வாங்கினார் என்ற செய்தி மட்டும் நமக்குப் புன்னகை தந்தது. மெட்ஸ் அவரை வாங்கிய நாட்டில் அவர் ஒரு கிளப்பை வாங்கினார்.

இப்போது மருத்துவமனைக்கு வருவோம். முதலில் ஊரில் பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்தார். 2021 ஜூனில் பம்பாலி மருத்துவமனை திறக்கப்பட்டது. பிரசவப் பிரிவும் பல் மருத்துவமும் அதில் உண்டு. சுற்றியுள்ள 34 கிராமங்களுக்கும் அதுவே பயன்படும் என்றார்கள். செலவு ஏறத்தாழ 5 லட்சம் பவுண்ட் என்று செய்திகள் சொல்லின. பழைய கணக்கோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். சவுத்தாம்ப்டனுக்கு லிவர்பூல் கொடுத்த 3.4 கோடி பவுண்டில் இப்படி 68 மருத்துவமனைகள் கட்டலாம். காஸமான்ஸுக்கு வந்து சேர்ந்தது ஒன்று. அதுவும் மானே தம் சம்பளத்திலிருந்து கொடுத்தது, அவரை வாங்கி விற்ற கிளப்புகள் கொடுத்ததில்லை.

2022 அக்டோபரில் பாரிஸில் தங்கப் பந்து விழா நடந்தது. மானேவுக்கு இரண்டாம் இடம். அதே மேடையில் சமூகப் பணிக்காகப் புதிதாக ஏற்படுத்திய சாக்ரடீஸ் விருதின் முதல் விருதையும் அவருக்கே கொடுத்தார்கள். பிரேசிலின் மறைந்த ஆட்டக்காரரும் மருத்துவருமான சாக்ரடீஸின் பெயரால் தரப்படும் விருது அது. அரங்கம் கைதட்டியது. செனகல் நாட்டை அறுபது ஆண்டுகளுக்கு முன்வரை ஆண்டவர்களின் தலைநகர் அது. அவர்கள் போன பின்பு வந்த செனகல் அரசுகளும் அந்தக் கைதட்டலைக் கேட்டிருக்கும். இரு தரப்பாரும் கொஞ்சம் வெட்கப்பட்டிருக்க வேண்டிய கைதட்டல் அது.

நம் முன்னோர்கள் மருத்துவமனை கட்டிய முறை இங்கே நினைவுக்கு வருகிறது. 1284-ல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் ஒரு பெரிய மருத்துவமனையை எழுப்பினார். ஏழை, பணக்காரர் வேறுபாடு இல்லாமல் சிகிச்சை தந்த இடம் அது. கட்டடத்தோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. வருமானம் தரும் சொத்துகளை வக்ஃபாக எழுதி வைத்தார். மருத்துவருக்குச் சம்பளம், நோயாளிக்கு உணவு, மருந்துச் செலவு எல்லாம் அதிலிருந்து வந்தன. சுல்தான் இறந்து நூற்றாண்டுகள் கடந்தும் அங்கே நோயாளிகள் படுத்திருந்தார்கள். கட்டடத்தை ஒரு நாளில் ரிப்பன் வெட்டித் திறந்துவிடலாம், மாதச் சம்பளம் மாதாமாதம் வர வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் ஊர்களிலும் சமுதாயக் கூடங்களின் வாசலில் நன்கொடையாளர் கல்வெட்டு பளபளக்கிறது, உள்ளே இமாமுக்கும் உஸ்தாதுக்கும் சம்பள பாக்கி.

மானேவுக்கு இது புரியாமல் இல்லை. மருத்துவமனைத் திட்டத்தைப் பற்றிப் பேச 2021-ல் அன்றைய அதிபர் மேக்கி சாலை நேரில் போய்ச் சந்தித்தார். சுவரும் கூரையும் ஒரு ஆட்டக்காரரால் முடியும். மருத்துவரை, தாதியை, மருந்தை, ஆம்புலன்ஸுக்கு டீசலை ஆண்டுக்கு ஆண்டு தருவது அரசாங்கத்தின் கடமை. அந்தச் சந்திப்பின் புகைப்படத்தை நம் குழுக்களில் யாரும் அனுப்பி நாம் பார்த்ததில்லை. மானேவுக்கு இந்த ஏப்ரலில் 34 வயது. ரபாத் தமது கடைசி ஆப்பிரிக்கக் கோப்பை என்று அரையிறுதி முடிந்ததுமே சொல்லிவிட்டார். இன்னும் சில பருவங்களில் கால்பந்துச் சம்பளம் நின்றுபோகும். பம்பாலியில் பிரசவ வலியோடு வரும் பெண்ணுக்கு அப்போதும் மருத்துவர் இருக்க வேண்டும் என்றால், அதற்கான வரி செனகலின் பட்ஜெட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.